மதிலுக்கு அப்பால இருக்கிற கிணறு

நம்ம ஊர்ல ஒரு புது வீடு கட்டத் தொடங்கினா பேச்சு எங்கிருந்து தொடங்கும்? விறாந்தைக்கு என்ன டைல்ஸ், கேற் என்ன டிசைன், மேல்மாடிக்கு இப்பவே தூண் எழுப்புறதா இல்லையா. கக்கூஸ் குழி எங்க வெட்டுறது என்ற கேள்வி கடைசியிலதான் வரும். அதையும் அனேகமா மேசன்தான் தீர்மானிப்பார்: "அந்த மூலையில இடம் கிடக்கு, அங்க வெட்டுவம்."

அந்த மூலையில மதிலுக்கு அப்பால பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும்.

குழி, குழாய், மீற்றர் எல்லாம் வீடு முடிஞ்ச பிறகு பார்க்கிற சில்லறை வேலை என்று நாம நினைக்கிறோம். அது பிழை என்பதுதான் எங்கள் கருத்து. அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க முன்னமே, அதுவும் பக்கத்து வளவோடு பேசி, முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் அவை.

நம்ம ஊர்களின் அமைப்பைப் பாருங்க. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாமே கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் நடுவுல ஒடுங்கிக் கிடக்கிற மணல் துண்டுகள். ஊர் அகலமாக வளர வழியில்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். கடலோரத்தில் இருந்த குடும்பங்களில் பல அதுக்குப் பிறகு உள்ளே தள்ளி வந்தன. இதோட நம்ம வழக்கமும் சேருது: பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மூத்தம்மாவின் வளவு உம்மாவுக்கும் சாச்சிக்கும் பிரிந்தது. இப்ப அதே துண்டு ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் பிரியுது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேணும் என்பது நாம எல்லாரும் கேள்விப்பட்ட அளவு. ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஆறு பேர்ச் வளவு என்றால் கிட்டத்தட்ட 30 அடிக்கு 54 அடி. அதுக்குள்ள வீட்டையும் கட்டி, சொந்தக் கிணற்றுக்கு மட்டுமில்லாம பக்கத்து, பின்பக்கத்துக் கிணறுகளுக்கும் 50 அடி விடுறது நடக்கிற காரியமா?

மணல் தண்ணியைச் சீக்கிரம் உள்ளே விடும். அடி மூடாத குழியில் இறங்குவது நேரே நிலத்தடி நீரில் போய்ச் சேரும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது குழியும் கிணறும் ஒரே தண்ணிக்குள்ளதான் நிற்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனா நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற எல்லையை உலக சுகாதார நிறுவனம் வைத்ததே, புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளை மனதில் வைத்துத்தான்.

1854இல் லண்டன் ப்ரோட் வீதியில் கொலரா பரவியபோது, அங்கிருந்த தண்ணீர்ப் பம்பைக் காரணமாகக் காட்டினார் வைத்தியர் ஜோன் ஸ்னோ. பிறகு தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டின் மலக்குழி அந்தக் கிணற்றிலிருந்து மூன்றடிக்குள் இருந்தது. நோயில் இறந்த ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணியைத் தாய் அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தார். யாரும் கெட்ட எண்ணத்தோட வெட்டின குழி இல்ல அது. நம்ம குழிகளும் அப்படித்தான்.

"இப்பதான் பைப் தண்ணி வந்திட்டே, கிணறு எதுக்கு?" என்று நீங்க கேட்கலாம். குளிக்க, உடுப்புக் கழுவ, வுழூ எடுக்க இன்னும் கிணற்றைப் பாவிக்கிற வீடுகள் நிறைய. தண்ணி நிற்கிற நாளில் எல்லாருமே கிணற்றுக்குத்தான் ஓடுறோம். அதோட, பைப் போறதும் இதே மண்ணுக்குள்ளதான். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், வெடிப்பு இருந்தால், சுற்றியுள்ள அழுக்குத் தண்ணி உள்ளே இழுபடும்.

என்ன செய்யலாம்? முதலாவது, அடி திறந்த குழியை விட்டுவிட்டு, அடியும் சுவரும் பூசின செப்டிக் டாங்கி கட்டுவோம். அதிலிருந்து வெளியேறும் தண்ணி எங்கே ஊற வேணும் என்பதையும் சேர்த்தே யோசிப்போம். இரண்டாவது, டாங்கியை வீதிப் பக்கமா வைப்போம். பின்மூலையில் வைத்தால் நிரம்பும் நாளில் பவுசரின் குழாய் எட்டாது. மூன்றாவது, ஒரே வளவைப் பிரித்த சகோதரிகள் மூன்று குழி வெட்டுறதுக்குப் பதிலா, காசைச் சேர்த்து ஒழுங்கா ஒரு டாங்கி கட்டலாமே. உறுதியை எழுதும்போதே அதுக்கான இடத்தையும் வழியையும் எழுதிவிட்டால் பிற்காலத்தில் சண்டையும் இல்ல. நான்காவது, ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடும் முன், வெறும் வளவுகளுக்கும் சேர்த்துக் குறுக்குக் குழாய் புதைக்கச் சொல்லிக் கேட்போம். போட்ட வீதியை ஒவ்வொரு இணைப்புக்கும் வெட்டி ஒட்டுற கூத்து அப்பதான் நிற்கும்.

ஊருக்கு முழுமையான கழிவுநீர்த் திட்டம் வேணும் என்று கேட்கத்தான் வேணும். அது வரும்வரை நம்ம குழிக்கு நாமதான் பொறுப்பு.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்க. அளவு ரேப்பை எடுத்து, உங்க வீட்டுக் குழியிலிருந்து மதிலுக்கு அப்பால இருக்கிற கிணறு வரை அளந்து பாருங்க. வருகிற எண்ணை உம்மா வாப்பாவிடம் சொல்லுங்க. தங்கச்சிக்கு வீடு கட்டுற பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும். டைல்ஸ் பிறகு பார்க்கலாம்.