‘மளை’ என்று எழுதிய குழந்தை

வண்டன்மேட்டுப் பகுதிக்குக் கள ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்றின் கட்டுரை ஏட்டைப் பார்க்க நேர்ந்தது. ‘எங்கள் வீடு’ என்பது தலைப்பு. “மளை பெய்ததால் அம்மா காய் எடுக்கப் போகவில்லை. கூலி இல்லை. அறிசி வாங்கவில்லை” என்று எழுதியிருந்தது அக்குழந்தை. ‘மளை’யையும் ‘அறிசி’யையும் சுற்றிச் சிவப்பு வட்டங்கள், கீழே பத்துக்கு நான்கு மதிப்பெண். ஏலத்தோட்டத்தில் மழை பெய்தால் ஒரு வீட்டில் என்ன நேர்கிறது என்பதை மூன்றே தொடர்களில் சொல்லிவிட்ட அந்த எழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதைச் சொல்வதால், எழுத்துப்பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்பாரோடு நான் சேர்ந்துவிடவில்லை. “பொருள் புரிந்தால் போதாதா?” என்ற கேள்வி, பிற வாய்ப்புகள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். உடும்பன்சோலை வட்டத்தில் தமிழ்வழியில் படித்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு அது பொருந்தாது. அப்பிள்ளையின் விடைத்தாளையும் பின்னாளில் அதன் விண்ணப்பத்தையும் படிப்பவர் முன்பின் அறியாத ஒருவர். அவர் கண்ணுக்கு எழுத்துப்பிழை அறியாமையாகவே தோன்றும். ஆகவே பிழையைக் கண்டும் காணாமல் விடுவது பரிவன்று; பிழை ஏன் நேர்ந்தது என்று கேளாமல் வட்டமிடுவது கற்பித்தலும் அன்று.

பிழைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. ‘அவந்’ என்று எழுதும் குழந்தைக்கு ஒரு விதி போதும்: நகரம் பெரும்பாலும் சொல்லின் முதலிலும் தகரத்திற்கு முன்னும் வரும், ஏனைய இடங்களில் னகரம். டகரத்திற்கு முன் ணகர ஒற்று, றகரத்திற்கு முன் னகர ஒற்று என்பதும் அவ்வாறே. தொல்காப்பிய நூன்மரபு மெய்ம்மயக்கம் என வகுத்துக் காட்டியதன் எளிய பயன்பாடுதான் இது. ‘மளை’யும் ‘அறிசி’யும் வேறு வகை. தேனி, மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கிறது. ரகர, றகர வேறுபாடு பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அக்குழந்தை தன் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. காது காட்டாத வேறுபாட்டைச் சிவப்பு மை காட்டிவிடாது.

ஆனால் வண்டன்மேட்டுக் குழந்தைக்குக் கம்பத்துக் குழந்தைக்கு இல்லாத ஒரு வளம் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். எல்லைப்புறக் குழந்தையின் தமிழை மலையாளம் கெடுத்துவிடுகிறது என்று நம்மில் பலர் கவலைப்படுகிறோம். ‘மழை’யை ‘மழ’ என்று ஐகாரமின்றி எழுதும் பிழை அதனால் நேர்வது உண்மையே. எனினும் நம் பேச்சு இழந்த ஒலி வேறுபாடுகளை மலையாளப் பேச்சு இன்றும் காத்து வைத்திருக்கிறது. மழ, வழி, பழம் என்பவற்றில் ழகரம் தெளிவாக ஒலிக்கிறது. ‘அரி’யில் வருவது இடையின ரகரம்; ‘கறி’யில் வருவது வல்லின றகரம். நம் ‘கரை’யும் ‘கறை’யும் அங்கே ‘கர’, ‘கற’ என வேறு வேறாகக் கேட்கின்றன. “மலையாள வகுப்பில் இச்சொல்லை எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று தமிழாசிரியர் ஒரு முறை கேட்டால், ‘மழை’யையும் ‘அரிசி’யையும் அக்குழந்தை தானே திருத்திக்கொள்ளும். எல்லாச் சொற்களுக்கும் இவ்வழி உதவாது. உதவும் சொற்களோ மிகப் பல.

எழுத்துமுறை என்பது ஒரு சமூக உடன்பாடு. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றபோது, அதுவரை ‘சரி’யாக இருந்த சில வடிவங்கள் பழையனவாயின. உடன்பாடு மாறக்கூடியதே. ஆயினும் அதனை அறியாதவர் அதற்கு வெளியே நிறுத்தப்படுகிறார். குழந்தையை அதற்குள் அழைத்து வருவதே பள்ளியின் பணி.

எனவே என் கருத்து இது. முதல் வரைவில் ஆசிரியர் பொருளை மட்டும் படித்து, அதற்கு ஒரு வரியேனும் மறுமொழி எழுதட்டும். பிறகு ஒரு கட்டுரைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தை விளக்கட்டும். குழந்தை திருத்தி எழுதிய இரண்டாம் வரைவில் எழுத்துக்கும் மதிப்பெண் இருக்கட்டும். அங்கே கண்டிப்பும் இருக்கட்டும். பல வகுப்புகளை ஒருசேரக் கவனிக்கும் ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பதை அறிவேன். ஏடு முழுதும் வட்டமிடுவதும் சுமைதான். அதனால் விளையும் பயன் குறைவு.

“கூலி இல்லை” என்ற தொடரில் ஒரு பிழையும் இல்லை. அதையும் ஆசிரியர் படித்தார் என்பது அக்குழந்தைக்குத் தெரிந்திருந்தால், ‘மழை’யைத் திருத்தி எழுத அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.