நாணம் வளர்க்கும் நோய்



பொதிகையிலே பிறந்து, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் வாழ்வளித்து, மன்னார் வளைகுடாவிலே கலக்கிறாளே தாமிரபரணி, அந்தக் கரையிலே இருக்கிறது புன்னக்காயல். படகும் வலையும் பிழைப்பாகக் கொண்ட சிற்றூர். ஆயினும் சிறப்பிலே சிறியதல்ல. தமிழ் எழுத்து அச்சேறத் தொடங்கிய காலத்திலேயே, 1586-ஆம் ஆண்டில், ‘அடியார் வரலாறு’ அச்சான ஊர் அது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்த்துக்கீசியத் துறவி, தமிழ் கற்று, தமிழில் எழுதி, தமிழை அச்சிலே ஏற்றினார்.

அந்தக் கரையை எண்ணும்போதெல்லாம் எனக்கொரு கேள்வி எழுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. எண்ணற்ற சொற்கள் ஏட்டிலே ஏறிவிட்டன. ஆனால் நம் வீட்டுப் பெண்ணின் நாவிலே இன்னும் ஏறாத சொற்கள் சில உண்டு. “வெள்ளைப்படுகிறது, அரிக்கிறது, எரிகிறது.” இவ்வளவுதான். இதைச் சொல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் வாடுகிறாள், உன் தாய், உன் தங்கை, உன் துணைவி.

“ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு இதுவா பொருள்?” என்று முகஞ்சுளிக்கிறாயா? சுளித்த முகத்தோடே மேலே படி. அந்தச் சுளிப்புத்தான் இந்நோய்க்குக் காவல்!

நான் மருத்துவனல்லன், கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடையேறியவன். என் நாடகங்களிலே காசநோயால் இருமி மடிந்த நாயகி உண்டு. காய்ச்சலில் கண்மூடிய தாய் உண்டு. இந்த நோயுற்றவள் ஒருத்தியும் இல்லை. ஏன்? நானும் நாணினேன். உன்னைக் குறைகூறுமுன் என்னைக் கூண்டிலே ஏற்றிக்கொள்கிறேன்.

யாரோ ஒருத்திக்கு, எங்கோ ஓரிடத்தில் வரும் நோயா இது? பூஞ்சைத் தொற்றை எடுத்துக்கொள். நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வருகிறது என்பது மருத்துவ உலகின் கணக்கு. டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியை எடுத்துக்கொள். 1836-இல் பாரிசு நகரத்து டொன்னே நுண்ணோக்கியில் கண்ட ஓரணு உயிர் அது. 2020-ஆம் ஆண்டில் மட்டும், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆண் பெண் இருபாலரிலும் 15 கோடியே 60 இலட்சம் புதிய தொற்றுகள் என்று மதிப்பிட்டது உலக சுகாதார நிறுவனம்.

உலகக் கணக்கு உனக்குத் தொலைவாகத் தெரியலாம். உள்ளூர்க் கணக்கைக் கேள். 1996-97-இல் தமிழகச் சிற்றூர்களிலே, 16 முதல் 22 வயதுள்ள மணமான பெண்கள் 451 பேரை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 53 பேர் நோய்க்குறி உண்டென்றார்கள். நூற்றுக்கு 38 பேருக்கு இனப்பெருக்கப் பாதையில் தொற்று இருப்பதை ஆய்வுக்கூடமே உறுதி செய்தது. குறியுள்ளோரில் மூன்றில் இரு பங்கினர் எந்தச் சிகிச்சையும் தேடவில்லை! ஏனம்மா என்றால், அருகில் பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, மருத்துவமனை தொலைவு, கையிலே காசில்லை. இன்னொரு காரணமும் சொன்னார்கள்: “இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே!”

நோயையே இயல்பென்று எண்ணும்படி ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறோமே, அதைவிடக் கொடுமை வேறென்ன?

வெள்ளைப்படுதல் ஓரளவு இயற்கை. எலும்பு உருகி வெளியேறுகிறது என்பது பொய். உடற்சூடு என்பதும் போதிய விளக்கமன்று. பெண்ணுறுப்பிலே பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவினம் குடியிருந்து, புளிப்புத் தன்மையை நிலைநிறுத்திக் காவல் காக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலோ, கருவுற்ற நிலையாலோ, கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாலோ அந்த ஒழுங்கு குலைந்தால், உடலிலேயே அடங்கியிருந்த பூஞ்சை பெருகுகிறது. அரிப்பும் தயிர்த்திப்பி போன்ற கசிவும் காண்கின்றன. அதிலே ஒழுக்கக்கேடும் இல்லை, அழுக்கும் இல்லை. சோப்பிட்டு உள்ளே கழுவுவது காவலரை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

ஒட்டுண்ணியின் கதை வேறு. அது உடலுறவால் பரவுவது. துர்நாற்றமும் மஞ்சள், பச்சை நிறக் கசிவும் தரலாம். குறியே காட்டாமலும் இருக்கலாம். ஆணிடத்திலே பெரும்பாலும் ஓசையின்றிப் பதுங்கியிருக்கும். அவனுக்கு வலியில்லை, அவளுக்கு எரிச்சல். அவன் மீது ஐயமில்லை. அவள் மீது பழி! கருவுற்றவளுக்குக் குறைமாதப் பேறும், எவருக்கும் எச்.ஐ.வி. தொற்றும் நேரும் வாய்ப்பை இது கூட்டுகிறது.

மருந்தில்லையா? உண்டு! பூஞ்சையை வெல்லும் நிஸ்டாட்டினை 1950-இல் உலகுக்கு அளித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்கள். ஒட்டுண்ணியை ஒழிக்கும் மெட்ரோனிடசோல் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டார் தந்த மாத்திரை போதாது, பரிசோதனை வேண்டும். பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையையும் பார்க்கவேண்டும். ஒட்டுண்ணி என்றால் கணவனும் மாத்திரை விழுங்கவேண்டும். அவள் மட்டும் விழுங்கினால், குணமானவளுக்கு மீண்டும் நோய் கொடுப்பவன் அவனே!

தோழனே, ஊராட்சியிலே சாலை கேட்டாய், குடிநீர் கேட்டாய், தெருவிளக்குக் கேட்டாய். ஆரம்ப சுகாதார நிலையத்திலே ஒரு திரைச்சீலை கேட்டாயா? நாடகக்காரனுக்குத் திரையின் அருமை தெரியும். திரைக்குப் பின்னே நின்றால்தான் சில உண்மைகளைச் சொல்ல முடியும். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றது 1912-இல். நூறாண்டு கடந்த பின்னும், “பெண் மருத்துவர் எப்போது வருவார்?” என்று எங்கேனும் ஒரு மீனவப் பெண் விசாரித்து நிற்க நேர்ந்தால், வெட்கப்படவேண்டியவள் அவளல்லள், நாம்!

பெண்ணுரிமை என்று மேடையிலே முழங்குகிறோம். கைதட்டலும் பெறுகிறோம். இன்றிரவு வீட்டிலே, முழக்கமின்றி, மெல்லிய குரலில் கேள்: “உடம்புக்கு ஏதாவது தொல்லை உண்டா? நாளைக்கு இருவருமே போய்வருவோம்.”

கைதட்டல் கிடைக்காது. காலமெல்லாம் மறைத்து வைத்த ஒரு துயரம், வாய் திறக்கும்.