விலை குறையட்டும், பலகை வளையக்கூடாது

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நானுஓயா, ராதல்ல, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு மைதானம் இல்லாமல் போகிறது. மழை விட்டால் பனிமூட்டம், பனி விலகினால் மறுபடி மழை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைக்குள் அடைபட்ட பிள்ளைக்கு எஞ்சுவது பெற்றோரின் கைத்தொலைபேசி ஒன்றுதான். ஆகவே உள்ளரங்க விளையாட்டை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட மலையகத்தால் முடியாது. நல்ல விளையாட்டுக் கருவியை எளிமையாகவும் மலிவாகவும் செய்ய முடியுமா என்ற கேள்வியை நாம் அக்கறையோடு கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வியை இன்று உலகில் கூர்மையாக எதிர்கொண்டிருப்பது பின்பால் இயந்திரம். சரிவான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, அது கீழே விழாமல் தட்டிவிட மின்காந்தத்தால் இயங்கும் இரண்டு தட்டுக்கைகள். விளையாட்டு அவ்வளவுதான். ஆணி அடித்த பலகையில் கோலியை உருட்டி விளையாடும் பேகடெல்தான் இதன் மூதாதை. விசைச்சுருள் வைத்துக் குண்டைத் தள்ளும் அமைப்புக்கு 1871இல் அமெரிக்காவில் மொண்டேகு ரெட்கிரேவ் காப்புரிமை பெற்றார். 1931இல் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே காட்லீப் நிறுவனம் ‘பேஃபிள் பால்’ என்ற இயந்திரத்தை 17.50 டொலருக்கு விற்றது. அதற்கு மின்சாரமே வேண்டாம். கடைக்காரர் மேசையில் வைத்தார். வேலை இழந்தவர்கள்கூட ஒரு சதம் போட்டு விளையாடினார்கள். தட்டுக்கைகள் 1947இல்தான் வந்தன.

இன்று சிகாகோ வட்டாரத்து ஸ்டெர்ன் நிறுவனத்தின் புதிய இயந்திரத்தில் அடிப்படை வகையே ஏறத்தாழ 7,000 டொலர். ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 21 லட்சம் ரூபாய். 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கொழுந்து பறித்த ஒருவர், மாதம் 25 நாள் வேலை கிடைத்திருந்தாலும், ஒரு சதமும் செலவழிக்காமல் ஐந்து ஆண்டுக்கு மேல் சேர்த்திருக்க வேண்டிய பணம் அது.

இந்த விலையேற்றத்துக்குப் பணவீக்கம் ஒரு பகுதிக் காரணம்தான். வாங்குபவர் மாறியது பெரிய காரணம். முன்பு கடைக்காரரும் விளையாட்டுக்கூட உரிமையாளரும் வாங்கினார்கள். போட்ட முதல் சில்லறையாகத் திரும்ப வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1992இல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ இயந்திரம் 20,000க்கு மேல் விற்றது. பின்னர் கணினி விளையாட்டுகள் கூட்டத்தை இழுத்துக்கொள்ள, பெரிய நிறுவனமான வில்லியம்ஸ் 1999இல் பின்பால் தயாரிப்பையே நிறுத்தியது. மிஞ்சிய வாடிக்கையாளர்களில் பலர் வீட்டில் வாங்கி வைக்கும் ஆர்வலர்கள். அவர்களுக்குப் புகழ்பெற்ற திரைப்படத்தின் பெயர் வேண்டும், வண்ணத் திரை வேண்டும், நுணுக்கமான பொம்மைகள் வேண்டும். எண்ணிக்கை குறைந்தது, அலங்காரம் கூடியது, விலை ஏறியது.

எளிமையாக்கும் முயற்சிகளும் நடந்தன. 2019இல் ஸ்டெர்ன் ‘ஸ்டார் வோர்ஸ்’ விளையாட்டுக்கு வீட்டுப் பாவனைக்கான எளிய வகை ஒன்றை வெளியிட்டது. அதுவும் ஏறத்தாழ 4,500 டொலர். அலங்காரத்தைக் குறைத்தும் விலை அதற்குக் கீழே இறங்காததற்குக் காரணம் உண்டு. எஃகுக் குண்டு இடைவிடாமல் மோதும் பலகை தடிப்பாக இருக்க வேண்டும். தட்டுக்கையை இயக்கும் மின்சுருள் வலுவாக இருக்க வேண்டும். உள்ளே ஓடும் கம்பிகளை மனிதக் கைகள்தான் பொருத்த வேண்டும். இவற்றில் கைவைத்தால் விளையாட்டே செத்துவிடும். மல்டிமோர்ஃபிக் என்ற நிறுவனம் வேறு வழியில் போனது: பெட்டி ஒன்று, உள்ளே மாற்றிப் பொருத்தும் விளையாட்டுத் தளங்கள் பல. செலவு கூடிய பகுதியை ஒருமுறை வாங்கினால் போதும்.

பின்பாலின் கதையிலிருந்து நாம் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். அலங்காரம் எது, உயிர் எது என்று பிரித்தறிந்து அலங்காரத்தில் மட்டும் கைவைக்க வேண்டும். விலைகூடிய பகுதியைப் பலர் பகிர்ந்துகொள்ள வழி செய்ய வேண்டும்.

இந்தப் பாடங்களைப் பொருத்திப் பார்க்க நம்மிடம் கரம் பலகை இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், பராமரிப்பும் குறைவு. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு என்று பத்தொன்பது காய்களும் ஒரு ஸ்ட்ரைக்கரும் போதும். நான்கு பேர் விளையாடலாம். சாதாரண வீடுகளிலிருந்து உலக வாகையர் எழுந்த விளையாட்டு இது. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சம்பியன் ஆனார். 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார்.

ஆனால் நமது தோட்டங்களுக்கு வந்து சேரும் மலிவுப் பலகைகள் பலவற்றைப் பார்த்தால் கவலை வருகிறது. மேற்பரப்பில் பூவேலை பளபளக்கும். அடியில் மெல்லிய பிளைவூட். ஒரு மழைக்காலத்து ஈரத்தில் பலகை நடுவில் குழிந்துவிடும். எந்தப் பக்கம் அடித்தாலும் காய் நடுவுக்கே சறுக்கி வரும். சட்டத்தின் மூலைகள் விட்டுப்போகும். அடுத்த வருடம் மறுபடி ஒன்று வாங்க வேண்டும். இது மலிவு என்ற பெயரில் ஏழையிடம் இரண்டு முறை காசு வாங்கும் வேலை. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, இறக்குமதிச் சாமான்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் நாம் கண்டோம்.

எதைக் குறைக்கக்கூடாது என்பதை 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீற்றர் வரையிலான சதுரம். தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஒரு காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகக்கூடாது. அந்த ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் அது பலகையில் மூன்றரை தடவை போய்வர வேண்டும். தடிப்பு, சமதளம், சட்டத்தின் எதிர்வீச்சு, காயின் எடை ஆகியவைதான் கரத்தின் உயிர். வண்ணக் கோலம், மினுமினுப்பு, விலையுயர்ந்த மரத்தின் பெயர், அலங்காரத் தாங்கி எல்லாவற்றையும் கழித்துவிடலாம்.

அப்படி ஒரு பலகையை மலையகத்திலேயே ஏன் செய்யக்கூடாது? தச்சு தெரிந்த கைகள் நம்மிடையே இருக்கின்றன. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கும் மலைச்சரிவுகளில் யூகலிப்டசும் நிற்கின்றன. சட்டத்துக்கு எந்த மரம் பொருந்தும், எவ்வளவு காலம் உலர்த்தினால் நமது ஈரத்தைத் தாங்கும் என்பதைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்கள் இந்தச் சோதனையைத் தொடங்கலாம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. அதில் படிக்கும் நமது மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செயற்றிட்டம் குறைவு. உள்ளூரில் செய்த பலகையை உள்ளூரிலேயே பழுதுபார்க்கலாம். விட்டுப்போன மூலையை அடுத்த டிவிஷன் தச்சர் ஒட்டித் தருவார் என்றால் பலகை பத்து வருடம் உழைக்கும். மலிவு என்பதன் முழுக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆணி அடித்த பேகடெல் பலகையைப் பாடசாலைப் பட்டறையிலேயே செய்து கொடுக்கலாம்.

இரண்டாவது பாடம், பகிர்வு. சட்டத்தோடு சேர்த்து ஏறத்தாழ மூன்றடி அகலமுள்ள பலகையை நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆட லயத்து அறையில் இடமில்லை. வீட்டுக்கு ஒரு மோசமான பலகை என்பதைவிட, டிவிஷனுக்கு இரண்டு நல்ல பலகைகள் சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ இருப்பது மேல். இதற்குப் பிரதேச சபைகள் பணம் ஒதுக்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டபின் அந்தத் தடை நீங்கிவிட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு சபைகள் ஆறாகவும் ஆகின. இத்தனை சபைகள் சேர்ந்து ஒரே அளவில், ஒரே தரத்தில் கேட்டால் பயிற்சி நிலையங்களுக்கு நிலையான வேலை கிடைக்கும், விலையும் தானாக இறங்கும்.

சம்பளமும் காணியும் வீடும் தீராத இடத்தில் விளையாட்டுப் பலகை பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அந்த உரிமைகள் முதன்மையானவை. அவற்றுக்கான குரல் ஒருபோதும் தணியக்கூடாது. ஆனால் வீடு வரும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்காது. தொலைபேசியிலும் கரம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். திரையைத் தடவும் விரலுக்குக் காயின் எடை தெரியாது. எதிரே உட்கார்ந்தவரிடம் கண்ணைப் பார்த்துத் தோற்கும் பக்குவமும் அதில் வராது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொது மண்டபத்துப் பலகை பெரும்பாலும் இளைஞர்களின் பிடியில் இருக்கும். காசிமாவைப் போல ஒரு பிள்ளை நம்மிடையே எழ வேண்டுமானால், பெண் பிள்ளைகளுக்கு என்று நேரமும் பாதுகாப்பான இடமும் ஒதுக்கப்பட வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு பிரதேச சபையும் ஒரு பயிற்சி நிலையமும் சேர்ந்து பத்துப் பலகைகளைச் செய்து பத்துத் தோட்டங்களில் வைக்கட்டும். ஒரு பருவம் முழுவதும் ஈரத்தில் இருந்தபின் எது வளைந்தது, எது தாங்கியது என்று அளந்து பார்க்கட்டும். தாங்கிய பலகையின் அளவையும் செய்முறையையும் விலைக் கணக்கையும் எல்லாச் சபைகளுக்கும் பாடசாலைகளுக்கும் வெளிப்படையாகக் கொடுக்கட்டும். நமது பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் கிடைப்பது எதுவாக இருந்தாலும், அது உலகச் சம்பியன் ஆடும் பலகையின் தரத்தில் இருக்க வேண்டும்.