நான்கு எண்களில் ஆளைப் பிடிக்கும் வித்தை

ஐபி முகவரி கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டான் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்று பொது அறிவாகவே மதிக்கப்படுகிறது. திரைப்படத்தில் கணினிக்கு முன் அமர்ந்த இளைஞர் நாலைந்து விசைகளைத் தட்டியதும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி துடிக்க, அடுத்த காட்சியிலேயே காவல்துறை ஜீப் குற்றவாளியின் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதில் ஐயம் எழ இடமில்லை. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில்கூட, கோயில் வரவு செலவு பற்றிய வாக்குவாதம் முற்றியதும், ‘உன் ஐபி அட்ரஸ எடுத்தாச்சு, இனி ஸ்டேஷன்ல பேசிக்கலாம்’ என்ற மிரட்டல் இப்போது தவறாமல் வந்து விழுகிறது. வாட்ஸ்அப் செய்தி அந்நிறுவனத்தின் வழங்கிக் கணினிகள் வழியே போய்ச் சேர்வதால், அனுப்பியவரின் ஐபி முகவரி குழுவிலுள்ள வேறு எவருக்கும் தெரிவதில்லை என்பதை மிரட்டியவரும் அறியார், மிரண்டவரும் அறியார்.

வல்லத்திராக்கோட்டைக்கு ஒரு பார்சல் வந்தால் நடப்பது வேறு. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண், பக்கத்து அடையாளம் ஆகிய அனைத்தும் அட்டையில் அச்சாகியிருந்தும், கொண்டுவந்த இளைஞர் ‘அண்ணே, எங்க வரணும், பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கிறீங்களா?’ என்று அலைபேசியில் கேட்காமல் பொருள் கைக்கு வருவதில்லை. இத்தனை விவரத்தோடும் கண்டுபிடிக்க முடியாத வீட்டை, புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள் நொடிப்பொழுதில் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதே ஊர் நம்புகிறது.

இந்த நம்பிக்கையின் வேர், ஐபி முகவரியைக் கதவு எண்ணுக்கு ஒப்பிட்டுக் கற்பிக்கும் கணினி வகுப்புகளில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான வீட்டுக் கணினிகளோடு தொடர்புடையவை இரு முகவரிகள். முதலாவது உள் முகவரி. வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டி, தன்னோடு இணையும் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் தானே பிரித்துக் கொடுக்கும் எண் அது. விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், ஐபிவி4 முகவரி என்ற வரிக்கு எதிரே 192.168.1.5 என்பது போன்ற ஓர் எண் தோன்றும். கைப்பேசியில் வைஃபை அமைப்புக்குள் இணைப்பின் விவரத்தைத் தொட்டால் அதே இனத்து எண் கிடைக்கும். வைஃபை பெட்டியைக் கழற்றித் திருப்பினால், அடிப்புறத்து ஒட்டுத்தாளில் பெட்டியின் சொந்த எண் பெரும்பாலும் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அச்சாகியிருக்கும்.

இந்த எண்கள் எவருக்கும் தனியுரிமை அல்ல. 1996 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்னும் இணைய நெறிமுறை ஆவணம், 10 என்று தொடங்கும் எண்கள் முழுவதையும், 172.16 முதல் 172.31 வரையிலான எண்களையும், 192.168 என்று தொடங்குபவற்றையும், யாரும் யாரையும் கேட்காமல் தம் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கிவிட்டது. ஆகவே வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டுப் பெட்டிக்கு இருக்கும் 192.168.1.1 என்ற எண், அடுத்த வீட்டுப் பெட்டிக்கும், அறந்தாங்கிக் கடையின் பெட்டிக்கும், சிங்கப்பூரில் வேலைபார்க்கும் மகனின் அறையிலுள்ள பெட்டிக்கும் ஒரே நேரத்தில் இருக்கலாம். எல்லா வீட்டிலும் ஒரு ‘பெரியவன்’ உண்டு. வீட்டுக்குள் கூப்பிட்டால் உரியவன் திரும்பிப் பார்ப்பான், தெருவில் நின்று கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். உள் முகவரி அத்தகைய பெயர்.

இரண்டாவதான வெளி முகவரி, இணையத்தின் மறுபுறத்திலுள்ள தளங்களுக்குத் தெரியும் எண். கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடி, வரும் தளமொன்றைத் திறந்தால் அது தெரியும். இதுவாவது ஒரு வீட்டுக்கு உரியதாக இருக்கும் என்று எண்ணுவோருக்கும் ஏமாற்றமே. ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் மட்டுமே. உலக மக்கள்தொகைக்கே அது போதாது. பங்கிட்டுத் தரும் ஐயானா அமைப்பு தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று கொடுத்து முடித்தது. அதன்பின் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் ‘கேரியர் கிரேடு நாட்’ என்ற ஏற்பாட்டைப் பெருமளவில் நாடின. அதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் தனியே ஒதுக்கப்பட்டன. வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்புக்கு நேரே இந்த எண்களில் ஒன்று தெரிந்தால், அந்த வீட்டுக்குச் சொந்தமாக ஒரு வெளி முகவரி இல்லை என்று பொருள்.

அக்காலத்தில் அக்கரைக்குப் போனவர்களின் கடிதங்கள் ‘மே/பா’ என்று கடைத்தெரு மளிகைக்கடையின் பெயரிட்டு வந்து, ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கடையே முகவரியாக இருந்ததைப் போன்றது இது. கடையின் விலாசத்தை வைத்துக்கொண்டு, கடிதத்துக்கு உரியவரைப் பிடிப்பதாகச் சொல்லி அங்கே உப்பு வாங்க வந்தவரைப் பிடித்துக்கொண்டு போனால் எப்படியோ, அப்படித்தான் 2007இல் நடந்தது.

ஆர்குட் தளத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியை இழிவுபடுத்திப் பதிவிட்டதாகச் சொல்லி, பெங்களூரில் மென்பொருள் துறையில் பணியாற்றிய ஒருவரை அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று புனே காவல்துறை கைது செய்தது. ஆதாரம் ஓர் ஐபி முகவரி. அந்த முகவரியை உரிய நேரத்தில் பயன்படுத்தியவர் அவரல்லர், இணைய நிறுவனம் தந்த விவரம் தவறு என்று தெளிவாகி அவர் வெளியே வருவதற்குள் எரவாடா சிறையில் 50 நாட்கள் கழிந்துவிட்டன. ஐபி முகவரி பொய் சொல்லாது என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த 50 நாட்களுக்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. முகவரி பொய் சொல்லவில்லைதான். அது எதையுமே சொல்லவில்லை. அதன் சார்பில் ஒரு பட்டியல் பேசியது, அந்தப் பட்டியலை ஒரு காவல் நிலையம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

வரைபடத்துச் சிவப்புப் புள்ளியின் யோக்கியதையையும் சொல்லிவிடலாம். ஐபி முகவரியை ஊரோடு பொருத்தும் மேக்ஸ்மைண்ட் என்ற அமெரிக்க நிறுவனம், அமெரிக்காவுக்குள் எந்த இடம் என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்தது. அப்புள்ளி கன்சாஸ் மாநிலத்துப் பண்ணைவீடு ஒன்றின் மீது விழுந்ததால், 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளின் பழி ஒரே வாசலுக்கு வந்து, காவலரும் வரி அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் அங்கே போய்க் கதவைத் தட்டிய கதை 2016இல்தான் வெளியானது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து இத்தகைய தளமொன்றைத் திறந்து பார்ப்பவருக்கும் சென்னையோ பெங்களூரோ காட்டப்படுவது வழக்கம். புள்ளியை நம்பிச் சென்னையிலிருந்து புறப்படும் ஜீப் விழுப்புரத்தைக்கூடத் தாண்டாது.

இந்த மூடநம்பிக்கையால் பிழைப்போரும் இருக்கிறார்கள். ‘உங்கள் ஐபி முகவரியிலிருந்து ஆபாசப் படம் பார்க்கப்பட்டிருக்கிறது, டிஜிட்டல் கைது செய்கிறோம்’ என்று காணொளி அழைப்பில் சீருடையோடு தோன்றி ஓய்வூதியக்காரரின் சேமிப்பைச் சுரண்டும் கும்பலுக்கு ஐபி என்ற இரண்டெழுத்தே முதலீடு. அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியதாயிற்று. ஐபியை மறைத்தால் ஆளே மறைந்துவிடுவார் என்று விளம்பரம் செய்து விபிஎன் விற்போர் இன்னொரு வகை. கண்காணிப்புக் கேமரா பொருத்துபவரோ, சிங்கப்பூரிலிருந்து மகன் வீட்டு வாசலைப் பார்ப்பான் என்று உறுதிகூறிப் பணம் வாங்கியபின், பலர் பகிரும் முகவரிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கு வெளியிலிருந்து நேர்வழி கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, ‘ஸ்டேட்டிக் ஐபி வாங்கணும்ணே’ என்று தலையைச் சொறிவார். யாரோ செய்த குறும்புக்காக அதே முகவரியைப் பகிர்ந்துகொண்ட பிறரையும் விக்கிப்பீடியா தொகுக்கவிடாமல் தடுப்பதும் இந்தக் கூட்டுக் குடித்தனத்தின் பலனே.

ஆளை அடைய உண்மையில் வேண்டியது வெளி முகவரியோடு, அந்த இணைப்புக்குத் தரப்பட்ட போர்ட் எண், நொடி பிசகாத நேரம், இணைய நிறுவனத்தின் பதிவேடு ஆகியவை. அவ்வளவும் சேர்ந்தாலும் கிடைப்பது இணைப்புக்குப் பணம் கட்டுபவரின் பெயர்தானே தவிர, விசையைத் தட்டிய விரல் அன்று. வெளிநாட்டுத் தளங்களின் பதிவில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட ஒருவர் மறந்தால் இன்னொருவருக்கு இன்னொரு 50 நாட்கள். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையால் எல்லாம் சரியாகும் என்போர், அதிலும் சாதனங்கள் தம் முகவரியின் பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும், தன்னை யாரோ இணையத்தில் திட்டினார் என்று புகார் எழுதுபவர், தன் மடிக்கணினியில் ‘ஐபிகான்ஃபிக்’ தட்டி, வந்த திரையைப் படம்பிடித்து, 192.168.1.5 என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, எதிரியின் ஐபி முகவரி என்று தலைப்பிட்டு மனுவோடு இணைக்கிறார். அம்மனுவை வாங்கிப் பதியும் எழுத்தரின் மேசைக் கணினிக்கும் அந்த எண்ணே இருக்கலாம்.