நீர்நாய் மட்டும் போதுமா?

காலாங் ஆற்றோரம் சைக்கிள் விடுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வரியைச் சொல்கிறார்கள்: 'இயற்கை திரும்பி வந்துடுச்சு.' தானாகவா வந்தது? பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்து, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினார்கள். நல்ல வேலைதான், சும்மா சொல்லக்கூடாது.

ஆனால் அதற்கு முன்பே, 1977 முதல் 1987 வரை நடந்த துப்புரவில் பன்றி வளர்த்தவர்கள், வாத்து மேய்த்தவர்கள், படகு கட்டியவர்கள் எல்லாரும் இந்தப் படுகையிலிருந்து கிளப்பப்பட்டார்கள். இன்னும் முன்னால், படகிலேயே குடியிருந்த ஓராங் காலாங் மக்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரும்பாலோரை அம்மை கொண்டுபோனது.

நீர்நாய்க் குடும்பத்துக்குப் பேர் வெச்சுக் கொஞ்சத் தெரிகிறது நமக்கு. ஆற்றுக்கவிதை எழுதும் நண்பர்களே, நீர்நாய் போதும் லா. அடுத்த கவிதையில் ஒரு படகுக்காரனையாவது ஏற்றுங்கள்.