மேலே சதவீதம், கீழே உறைந்த எண்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. உடனே நாடு முழுவதும் எழுந்த கேள்விதான் அத்திப்பட்டிலும் எழுந்தது: கைக்கு வரும் சம்பளம் குறையுமா? வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்று ஒன்றை ஒட்டி ஒன்றாக நிற்கும் இந்த வட்டாரத்தில் காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். பிடித்தத்தில் நூறு ரூபாய் கூடினாலும் அவர்கள் வீட்டு மாதக் கணக்கு மாறிவிடும்.

கேள்விக்குப் பதில், குறையலாம் என்பதுதான். புதிய சட்டப்படி மொத்தச் சம்பளத்தில் படிகளின் பங்கு பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில் சேரும். ஒருவருக்கு மொத்தம் 28,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000, மீதி 16,000 பலவகைப் படிகள் என்று வைத்துக்கொள்வோம். இனி அவருடைய ஊதியம் 14,000 ஆகக் கொள்ளப்படும். 12 சதவீத பி.எஃப். பிடித்தம் 1,440-லிருந்து 1,680 ஆகும். கைக்கு வருவதில் 240 ரூபாய் குறையும். ஆனால் முதலாளியும் அதே 240-ஐக் கூடுதலாகப் போட வேண்டும். பத்து வருட வேலைக்குக் கிடைக்கும் கிராஜுவிட்டி சுமார் 69,000-லிருந்து 80,000-க்கு மேல் போகும். பேசிக்கைச் சுருக்கிப் படிகளை ஊத வைக்கும் பழைய வித்தையை உச்ச நீதிமன்றம் 2019-இலேயே, விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில், பி.எஃப். விஷயத்தில் கண்டித்திருந்தது. இப்போது அந்தக் கண்டிப்பு எல்லாப் பலன்களுக்கும் பொதுவான சட்டமாகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

இந்தச் சந்தடியில் யாரும் அதிகம் பேசாத சமாச்சாரம் வேறொன்று இருக்கிறது. சட்டம் மேலே இருப்பவர்களின் சம்பளத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது; கீழே இருப்பவர்களின் பலன்களுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. முதலாவது சதவீதம். இரண்டாவது ரூபாய்.

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 197-ஆம் பிரிவு, ஒரு பொதுக் கம்பெனி தன் இயக்குநர்கள் அனைவருக்கும் தரும் சம்பளம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தனியொரு மேலாண்மை இயக்குநருக்கு 5 சதவீதம். இதை மீற முன்பு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. 2018 செப்டம்பரிலிருந்து பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமே போதும். லாபம் இரட்டிப்பானால் உச்சவரம்பும் தானாகவே இரட்டிப்பாகும். யாரும் மனு கொடுக்க வேண்டியதில்லை, டெல்லியில் கோப்பு நகர வேண்டியதில்லை.

அந்த வரம்புக்குள்ளும் பங்குதாரர்கள் கடிவாளம் பிடித்ததுண்டு. அதற்குத் திருவொற்றியூரோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, புல்லட் ஓட ஆரம்பித்தது அங்கிருந்துதான். ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனியான ஐஷர் மோட்டார்ஸ், 2021 ஆகஸ்ட் 17 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில், மேலாண்மை இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனத்தையும் சம்பளத்தையும் ஒரே தீர்மானமாக முன்வைத்தது. சம்பள உச்சவரம்பு லாபத்தில் 3 சதவீதம். அதற்கு முந்தைய நிதியாண்டில் அவர் பெற்றது ஏறத்தாழ 21 கோடி ரூபாய். சிறப்புத் தீர்மானம் என்பதால் 75 சதவீத ஆதரவு வேண்டும். கிடைத்தது சுமார் 73. தீர்மானம் தோற்றது. ஒரு வாரத்துக்குள் இயக்குநர் குழு உச்சவரம்பை 1.5 சதவீதமாகக் குறைத்து மறுபடியும் கொண்டுவந்தது, பங்குதாரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பங்கு வைத்திருக்கும் நிதி நிறுவனங்கள் கணக்குப் பார்த்துக் கையைத் தூக்கியதன் பலன் அது. தொழிலாளிக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனிக் கீழே பார்க்கலாம். பி.எஃப். கட்டாயமாவதற்கான ஊதிய வரம்பு 2014 செப்டம்பரில் 6,500-லிருந்து 15,000 ஆனது. 2025 முடியும்வரை அதே 15,000. முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே ஊதியம் 15,000-ஐத் தாண்டிவிட்டால் பி.எஃப். கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. 2014-இல் ஓரளவு நல்ல சம்பளமாக இருந்த தொகை இன்று தொழிற்சாலையில் அடியெடுத்து வைக்கும் பையனின் சம்பளம். ஓய்வூதியத்துக்கும் இதே 15,000-தான் அடிப்படை. முப்பது வருடம் உழைத்தவருக்கு இந்த வரம்பில் கிடைக்கும் பென்ஷன் மாதம் 7,000 ரூபாய்க்கும் குறைவு. குறைந்தபட்ச பென்ஷனோ 2014 முதல் ஆயிரம் ரூபாய். இரண்டு சிலிண்டர் வாங்கக்கூட அது போதாது.

ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்று 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. போனஸ் வரம்பும் 21,000. அது அதற்கும் முந்தையது. ஐநூறு ரூபாய் சம்பள உயர்வு ஒருவரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலிருந்து வெளியே தள்ளிவிடக் கூடும் என்றால், அந்த உயர்வை யார்தான் சந்தோஷமாக வாங்குவார்கள்?

இவற்றிலெல்லாம் கொடுமையானது விபத்து இழப்பீட்டுக் கணக்கு. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டப் பணியிடத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக அஸ்ஸாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். முதல்வரும் பிரதமரும் நிவாரணம் அறிவித்தார்கள். ஆனால் சட்டப்படியான இழப்பீட்டுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு சூத்திரம் வைத்திருந்தது: மாத ஊதியத்தில் பாதி, வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண். அந்த மாத ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய்; அதற்கு முன் 8,000. முப்பது வயதுக்காரர் உயரத்தில் நின்று மாதம் 25,000 சம்பாதித்திருந்தாலும், கணக்கில் அவர் 15,000 ரூபாய் ஆள்தான். 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் சுமார் 15.6 லட்சம். மீதிப் பத்தாயிரத்தைச் சட்டம் பார்ப்பதே இல்லை.

உறைந்த எண்களை அசைக்க அரசால் முடியாது என்று யாராவது சொன்னால் வருமான வரியைக் காட்டலாம். அலுவலகம் தரும் சில சலுகைகளுக்கு வரி போடுவதா என்று தீர்மானிக்கும் சம்பள வரம்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வருடத்துக்கு 50,000 ரூபாயாகவே கிடந்தது. 2025 ஆகஸ்டில் அதை ஒரே அறிவிப்பில் 4 லட்சமாக்கினார்கள். அதே ஆண்டு பட்ஜெட், புதிய வரித்திட்டத்தில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியில்லை என்றது. மேல்மட்டத்துச் சலுகைகளைக் கட்டுப்படுத்தவும் வரிச் சட்டம் தயங்கவில்லை: பி.எஃப்., என்.பி.எஸ். போன்றவற்றில் முதலாளி போடும் பணம் வருடத்துக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால் 2020-21 முதல் அதற்கு வரி. ஊழியர் தானே போடும் பணம் 2.5 லட்சத்தைத் தாண்டினால், அதற்கு மேலான தொகையின் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி. கோடிகளில் சம்பளம் வாங்குபவர்கள் பி.எஃப். கணக்கை வரியில்லாப் பெட்டகமாக வைத்திருந்ததைத் தடுத்த இந்த இரண்டும் சரியான நடவடிக்கைகள்.

பி.எஃப். போன்ற வரம்புகளை உயர்த்தினால் சிறு காண்ட்ராக்டர்களின் செலவு ஏறும் என்பது உண்மை. அரசின் செலவும் ஏறும். ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊதியத்தில் 1.16 சதவீதத்தை, அதே 15,000 வரம்புக்குள், மத்திய அரசு தன் பங்காகப் போடுகிறது. தயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே தாவலாகத் தாவுவதுதான் எல்லோருக்கும் வலிக்கும். வருடந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் காண்ட்ராக்டர் டெண்டர் போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்வார்.

அதற்கான வழியைத் தேடி எங்கும் போக வேண்டாம். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைவாசிக் குறியீட்டு எண்ணோடு கட்டப்பட்டு, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறுகிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், விபத்து இழப்பீடு ஆகிய நான்கு வரம்புகளையும் அப்படியொரு குறியீட்டோடு கட்டிவிட்டால், புதிய சட்டத் தொகுப்புகளின் கீழ் அரசு எழுத வேண்டியவை சில அறிவிப்புகள்தான். புதிய வரம்பை எந்தத் தொகையிலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.