வண்டிக்கு சர்வீஸ் உண்டு... கைக்கு?

அப்பா ஆபீஸ் போக ஒரு பைக், அம்மா பிள்ளைகளை ஸ்கூலில் விட ஒரு ஸ்கூட்டர் என்று வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கிற வீடுகள் இன்று ஏராளம். அந்த வீடுகளில் சாயங்கால நேரத்தில் கவனித்துப் பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கையை உதறுவார். விரல்களை மடக்கி நீட்டுவார். "என்னங்க, கை வலிக்குதா?" என்று கேட்டால், "அது ஒண்ணுமில்லே... டிராஃபிக்லே கிளட்சைப் பிடிச்சுப் பிடிச்சு..." என்று பதில் வரும். ராத்திரி கொஞ்சம் தைலம். மறுநாள் அதே வண்டி, அதே கை!

இந்த "ஒண்ணுமில்லே"யோடுதான் எனக்குச் சண்டை.

நெஞ்சு வலித்தால் பதறுகிறோம். பல் வலித்தால் துடிக்கிறோம். கை வலியை மட்டும் நாம் வலியாகவே மதிப்பதில்லை. வண்டி ஓட்டினால் கை வலிக்கத்தான் செய்யும் என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தத் தீர்ப்பு தப்பு. நம் உடம்புக்குப் பொருந்தாத வண்டியை, பொருந்தாத விதத்தில் பிடித்து ஓட்டுவதால் வருகிற வலிதான் பெரும்பாலும். அதைச் சரி செய்ய முடியும். சரி செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டைக்கு அளவு... வண்டிக்கு?

புது வண்டி எடுக்கிற நாளில் மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஸ்வீட் பாக்ஸ், ஷோரூம் வாசலில் குடும்பத்தோடு போட்டோ... எல்லாம் அமர்க்களமாக நடக்கும். "சார், கொஞ்சம் உட்காருங்க. லீவர் உங்க விரலுக்கு எட்டுதா? மணிக்கட்டு நேரா இருக்கா?" என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

ஒரு சட்டை அரை இஞ்ச் இறக்கமாகப் போனால் டெய்லரிடம் சண்டைக்குப் போகிறோம். பத்து வருஷம் ஓட்டப் போகிற வண்டியை, கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓட்டுகிறோம். ஆறடி ஆளுக்கும் ஐந்தடி ஆளுக்கும் ஒரே அமைப்பு எப்படிப் பொருந்தும்?

பல பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் ஹேண்டில்பாரில் ஒரு பட்டையால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த போல்ட்டைத் தளர்த்தினால் லீவரை மேலேயோ கீழேயோ திருப்பி வைத்துக்கொள்ளலாம். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டும்போது முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லீவரில் போய் விழ வேண்டும். அதுதான் சரியான அளவு. மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை!

கைக்குள் என்ன நடக்கிறது?

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. அடியிலும் பக்கங்களிலும் எலும்பு. மேலே கெட்டியான நார்ப் பட்டை. இந்தச் சின்னப் பாதை வழியாக விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும், ஒரு முக்கியமான நரம்பும் போகின்றன. டவுன் பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு எப்படி இருக்கும்? அப்படி ஒரு நெரிசல்!

ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கும்போது வலது மணிக்கட்டு பின்பக்கமாக வளைகிறது. வளைந்தால் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. இடது கையோ கிளட்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓய்ந்து போகிறது. "நாங்க அந்தக் காலத்துலே ஓட்டாத வண்டியா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஓட்டினீர்கள், உண்மைதான். ஆனால் அன்றைய ரோட்டில் இத்தனை சிக்னலும் இத்தனை நெரிசலும் இல்லையே! அண்ணா சாலையில் மாலை நேரத்தில் ஒரு கிலோ மீட்டருக்குள் எத்தனை தடவை கிளட்சைப் பிடிக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது அதிர்வு. 1918-ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி, இண்டியானா மாநிலத்துக் கல் குவாரிகளில் அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்தவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை ஆராய்ந்து எழுதினார். ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் சுற்றித் தபால் கொடுத்த ஊழியர்களிடமும் அதிர்வால் வரும் பாதிப்பை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, அதிர்வு என்பது வெறும் "டர்ர்ர்" சத்தம் இல்லை. நாள்தோறும், மணிக்கணக்கில் ஏறினால் அது நரம்பையும் சின்ன ரத்தக் குழாய்களையும் தொடுகிறது.

எந்த விரல் என்று பாருங்கள்

வலி எங்கே இருக்கிறது என்பதே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... இவற்றில் மதமதப்பு என்றால் மணிக்கட்டுச் சுரங்கத்தில் உள்ள நரம்பு நெருக்கப்படுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதைத்தான் டாக்டர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் கை மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாவது இதன் முக்கிய அடையாளம்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அது வேறு நரம்பு. உள்ளங்கையின் ஓரத்தை கிரிப்பில் அழுத்தி, உடம்பு பாரத்தை எல்லாம் கையில் போட்டு ஓட்டுபவர்களுக்கு இது வரலாம். முழங்கையில் நரம்பு அழுத்தப்பட்டாலும் வரும்.

கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டு ஓரத்தில் சுருக்கென்று வலித்தால் அங்கே உள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். மரமரப்பு எதுவும் இல்லாமல் முன்கை மட்டும் கடுக்கிறது என்றால் பெரும்பாலும் தசைச் சோர்வுதான். ஓய்வு கொடுத்தால் போய்விடும்.

நாம் செய்கிற மூன்று காரியங்கள்

முதலாவது, "வாயுப்பிடிப்பு" என்று பெயர் வைத்துவிடுவது. பெயர் வைத்த பிறகு யாரும் காரணத்தைத் தேடுவதில்லை.

இரண்டாவது, தைலம். தேய்த்தால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நெருக்கப்பட்ட நரம்பைத் தைலம் விடுவிக்காது.

மூன்றாவதுதான் ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் "கை வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று வாங்கி விழுங்குவது. வலி நிவாரண மாத்திரைகளைத் தொடர்ந்து இஷ்டத்துக்குச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சர்க்கரையும் பி.பி.யும் உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வலியும் அமுங்கிவிடுவதால் கையைக் கெடுக்கிற அதே பழக்கம் தொடர்ந்து நடக்கிறது.

அடுத்த சர்வீஸில் கேளுங்கள்

ஆயில் மாற்று, வாட்டர் வாஷ் செய் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். பிரி பிரிந்திருந்தால் கேபிளையே மாற்றிவிடுங்கள். காய்ந்த கேபிள்தான் பல இடது கைகளுக்கு எமன். லீவரில் வெற்று ஆட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். பல பைக்குகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லி மீட்டர். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும், அதுவும் வேண்டாம். ஆக்ஸிலேட்டர் கேபிள் லொடலொடவென்று இருந்தால் அந்த அளவுக்கு மணிக்கட்டைக் கூடுதலாக முறுக்க வேண்டிவரும். அதையும் சரி செய்யச் சொல்லுங்கள்.

அதிர்வு புதிதாக அதிகரித்திருந்தால் என்ஜின் போல்ட், செயின், டயர் காற்று, முன் ஃபோர்க், கோன் செட் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் முனையில் இருக்கும் கனமான குமிழ்கள் அழகுக்கு வைத்தவை அல்ல, அதிர்வைக் குறைப்பதற்கு. கழன்று விழுந்திருந்தால் மறுபடி போடுங்கள். தேய்ந்து வழுக்கும் கிரிப்பை மாற்றுங்கள். அதற்காகப் பருமனான ஸ்பாஞ்ச் உறையாகப் போட்டால், சின்னக் கை உள்ளவர்கள் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஓட்டும்போது தோளை இறக்குங்கள். முழங்கை விறைப்பாக இல்லாமல் லேசாக மடிந்திருக்கட்டும். தொடைகளால் டேங்கை அணைத்துக்கொண்டால் உடம்பு பாரம் கைக்குப் போகாது. நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். தூரப் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி விரல்களை நீட்டி மடக்குங்கள். டீ குடிக்க ஒரு சாக்கு ஆயிற்று!

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை

"எனக்குத்தான் கிளட்ச் இல்லையே" என்று ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகள் நினைக்கலாம். கிளட்ச் இல்லைதான். ஆனால் ஆக்ஸிலேட்டர் உண்டு, இரண்டு கைக்கும் பிரேக் உண்டு, சக்கரம் சின்னது என்பதால் பள்ளத்தில் அடியும் நன்றாகவே ஏறும். மின்சார ஸ்கூட்டரில் என்ஜின் அதிர்வு இல்லையே தவிர, ரோட்டுப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு மேல் சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் அதே மணிக்கட்டுதான். கர்ப்ப காலத்தில் உடம்பில் நீர் கோப்பதால் விரல் மரமரப்பு வருவது சகஜம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் ஓரம் வலிப்பதும் அப்படியே. தைராய்டு குறைவும் சர்க்கரை நோயும் இருந்தால் கார்ப்பல் டனல் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே இரண்டு கையும் மரத்தால் வண்டியை மட்டும் குற்றம் சொல்லாமல் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

எப்போது டாக்டர்?

மரமரப்பு சில வாரங்களாக விடாமல் இருந்தால், ராத்திரி தூக்கம் கெட்டால், சட்டைப் பட்டன் போட முடியாமல் தடுமாறினால், டம்ளர் கை நழுவி விழுந்தால், கட்டைவிரலடி மேடு சப்பையாகத் தெரிந்தால்... நாள் கடத்தாதீர்கள். நரம்பு வெகுநாள் நெருக்கப்பட்டு அந்தத் தசை சூம்பிவிட்டால், பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தக் கையால்தானே பிரேக் பிடிக்க வேண்டும்? பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே!

ஆரம்பத்திலேயே போனால் பல பேருக்கு ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, ஓய்வு, தேவைப்பட்டால் ஒரு ஊசி என்று முடிந்துவிடும். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் இருக்கிறது. ஆபரேஷன் என்றாலும் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தாலோ, திடீரென்று ஒரு பக்கக் கை விழுந்து பேச்சு குழறினாலோ, அது வண்டி சமாசாரமே இல்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

யார் பொறுப்பு?

ஓட்டுகிறவர் மட்டுமா? வண்டியை விற்பவர், வாங்குபவரை உட்கார வைத்து லீவரைத் திருப்பிக் கொடுப்பதை ஒரு வழக்கமாக்கக் கூடாதா? தேங்காய் உடைக்கிற நேரம்கூட ஆகாதே! சாப்பாடும் சாமானும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிற டெலிவரி பிள்ளைகள் நாள் முழுக்க ஹேண்டில்பாரைப் பிடித்தபடி இருக்கிறார்கள். கைக்கு ஏறும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே உச்ச அளவு வகுத்து, தொழிலாளியைக் காக்கும் பொறுப்பை முதலாளி தலையில் வைத்திருக்கிறது. நம் டெலிவரி கம்பெனிகளும் அந்தப் பிள்ளைகளின் கைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கட்சி. அது வரும்வரை நாமாவது, "பத்து நிமிஷம் லேட்டானா பரவாயில்லை தம்பி, மெதுவா வாங்க" என்று சொல்லலாமே.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கையை உதறிக்கொண்டு உள்ளே வருகிறவரிடம், "வலிக்குதா?" என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். "எந்த விரல்?" என்று கேளுங்கள். அவர் "ஒண்ணுமில்லே" என்று தப்பிக்க முடியாது. விரலைப் பார்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்!